மலைப்பாதையும் மகப்பேற்று ஆபத்துக்களும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி அமைந்துள்ளது. கல்லாற்றினின்று மேலேறும் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. உல்லாசப் பயணிகளுக்கு இவை கண்ணுக்கினிய காட்சிகள். பிரசவ வேதனையுறும் தாய்க்கோ ஒவ்வொரு வளைவும் காலதாமதமேயாகும். இத்தகைய மலைப் பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் பேறுகால ஆபத்துக்களின் இயல்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

தாய்மார் நலத்தில் கேரளம் முன்னணியில் நிற்கும் மாநிலமாகும். 2018-20 ஆண்டுகளுக்கான கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மாரின் எண்ணிக்கை இந்தியா முழுவதிலும் 97, கேரளத்தில் 19. அம்மாநில மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, தாய்மார் மரணங்களை 2004 முதல் ஆராய்ந்து வருகிறது. இறந்தவர் பெயரை வெளியிடாமலும், எவர்மீதும் குற்றஞ்சாட்டாமலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. உதிரப்போக்கே மரணத்திற்கு முதன்மையான காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

உதிரப்போக்கு

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும் அவ்விடத்து இரத்தக் குழாய்கள் திறந்து நிற்கின்றன. கருப்பையின் தசைநார்கள் இக்குழாய்களைச் சுற்றிப் பின்னிக்கிடக்கின்றன. தசை இறுகச் சுருங்கினால் குழாய்கள் முடிச்சிட்டாற்போல் அடைபடும். சுருங்காது தளர்ந்து நின்றாலோ, இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே தாய் இறக்கக்கூடும்.

ஆகவே, பிரசவத்திற்குப்பின் துணிகள் விரைவில் நனைந்துபோதல், தாய்க்கு மயக்கம், வியர்வை, படபடப்பு உண்டாதல் ஆகியவற்றைக் கண்டவுடன் வண்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வண்டி வருமளவும் சும்மாயிருத்தலாகாது. அடிவயிற்றின்மீது கைவைத்துக் கருப்பை கெட்டிப்படும்வரை தேய்த்துவிடுக. தாயைச் சிறுநீர் கழிக்கச் செய்க. குழந்தைக்குப் பால் கொடுக்கச் செய்க. போர்வையால் உடற்சூட்டைக் காக்க. நஞ்சுக்கொடியைப் பிடித்திழுத்தல் பெருந்தீங்கு விளைக்கும். குழந்தை பிறக்குமுன் நிறைமாதத்தில் உதிரம் கண்டால், உள்ளே கைவிட்டுச் சோதித்தல் ஒருபோதும் கூடாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருக்குமாயின், அச்சோதனையே அடக்கவியலாத உதிரப்போக்கை உண்டாக்கும்.

கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோஸின் ஊசிமருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். மிஸோப்ராஸ்டால் மாத்திரைக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில் 1,620 தாய்மாரிடம் செய்யப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளிவந்தது. பிரசவமானவுடன் துணைச் செவிலியர் இம்மாத்திரையைக் கொடுத்ததால், பேற்றுக்குப் பிந்திய உதிரப்போக்கு 100-க்கு 12 என்ற அளவிலிருந்து ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. உதிரம் உறைவதற்கு உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி 21 நாடுகளில் நடைபெற்ற பேராராய்ச்சியின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. பிரசவமான 3 மணி நேரத்திற்குள் இம்மருந்தை ஊசிமூலம் செலுத்தினால், உதிரப்போக்கினால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. அதற்குமேல் தாமதித்தால் பயனில்லை. இம்மருந்துகளைப் பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாளல் வேண்டும்.

கர்ப்பிணிக்கு நேரும் காயங்கள்

சரிவில் வழுக்கி விழுதலும் வண்டி விபத்தும் மலைப் பகுதிகளில் நேரக்கூடியவை. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை மிகுகிறது. இதனால், பெருமளவு இரத்தம் இழந்த பின்னரும் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் இயல்பாகவே தோன்றக்கூடும். தாய் தெளிவாகப் பேசுகிறாள் என்பது கொண்டு ஆபத்தில்லை என முடிவு செய்தலாகாது.

ஐந்து மாதங்களுக்கு மேற்பட்ட கர்ப்பிணியை மல்லாந்து படுக்கவைத்தால், கருப்பையின் பாரம் இதயத்திற்குத் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்தும். ஆகவே இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். முதுகெலும்பில் அடிபட்டிருக்குமென ஐயமிருப்பின் உடலைத் திருப்பாமல், பலகையில் கிடத்தி, பலகையையே இடப்புறம் சாய்க்க வேண்டும். வெளிக்காயம் இல்லாவிடினும், வயிற்றுவலி, உதிரக்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை நஞ்சுக்கொடி கழன்றதன் அறிகுறிகளாக இருக்கலாம். தாயைக் காப்பதே குழந்தையைக் காக்கும் முதல் வழி.

முன்னேற்பாடுகள்

ஏழாம் மாதத்திலேயே ஒவ்வொரு கர்ப்பிணியின் இரத்த வகையும் இரத்தச்சோகை நிலையும் குறித்து வைக்கப்படல் வேண்டும். சோகையுடையவள் சிறிதளவு உதிர இழப்பையும் தாங்கமாட்டாள். முன்பு அறுவைச் சிகிச்சையால் குழந்தை பெற்றவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் ஆகியோர், நாள் நெருங்குமுன் மலையிறங்கி மருத்துவமனைக்கு அருகில் தங்குதல் நலம். விதுரையிலும் நெடுமங்காட்டிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருவனந்தபுரத்தில் 1952 முதல் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இயங்கி வருகிறது. எந்நிலையில் எங்குச் செல்வது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிக.

108 என்னும் எண்ணையும், இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டிகளின் விவரத்தையும், இரத்தம் கொடுக்க முன்வருவோரின் பட்டியலையும் ஆசிரியர்கள் பள்ளியில் எழுதி வைக்கலாம். மாணவர் வாயிலாக இச்செய்தி ஒவ்வொரு வீட்டையும் எட்டும். மலைப்பாதையின் வளைவுகளைக் குறைத்தல் நம்மால் இயலாது. வண்டி புறப்படுமுன் வீணாகும் நேரத்தைக் குறைத்தல் நம் அனைவராலும் இயலும்.