குழித்தறி வீட்டில் ஒரு காமிரா

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் காஞ்சீபுரத்தைக் கடந்து மேற்கே சிறிது தூரம் வந்தால், சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் பெரிய ஏரி ஒன்று கண்ணுக்குத் தென்படும். அதுவே தாமல் ஏரி. வராகீசுவரரும் தாமோதரப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கும் பழைய ஊர் அது. மழை நன்றாய்ப் பெய்த வருஷத்தில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. வானத்திலும் வெளிச்சம், தண்ணீரிலும் வெளிச்சம். அங்கே படம் எடுக்க எந்தக் காமிராவும் போதும். எந்த லென்ஸும் போதும்.

ஆனால் நாம் சொல்லப் புகுந்தது ஏரிக்கரையைப் பற்றியன்று. இந்த வட்டாரத்தில் பட்டு நெய்யும் வீடுகளுக்குள் ஒரு முறை நுழைந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். வாசலில் கண் கூசும் வெயில். நிலைப்படியைத் தாண்டினால் பத்தடி அகலத்தில் ஓர் அறை. அறை முழுவதையும் தறி அடைத்துக்கொண்டிருக்கும். நெய்கிறவர் குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சின்ன ஜன்னல். ஒரு குழல் விளக்கு. நம் கண்கள் பழகவே அரை நிமிஷம் ஆகும். இந்த இருளில்தான், உலகமெங்கும் புகழ் பெற்று 2005-06-ல் புவிசார் குறியீடும் பெற்ற காஞ்சீபுரம் பட்டு உருவாகிறது. இந்த இருளில்தான் நாமும் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தவர், சென்ற வருஷம் ஒரு முடிவுக்கு வந்தார். தறியில் இருக்கும் பாவு தீர்ந்ததும் தொழிலை விட்டுவிடுவது என்பதே அம்முடிவு. பிள்ளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். தறியில் உட்கார வேறு ஆள் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் நெய்த மனிதர் நெய்துகொண்டிருப்பதுபோல் ஒரு படங்கூட அந்த வீட்டில் கிடையாது. கல்யாண மேடையில் விறைத்து நிற்கும் படம் உண்டு. வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம் உண்டு. "மாமா தறியில இருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க ஸார்" என்று அவருடைய மருமகள் நம்மிடம் கேட்டாள். நம் சகோதரியின் பெண் கல்லூரியில் படிக்கிறாள்; காமிரா வைத்திருக்கிறாள். இதில் என்ன கஷ்டம் என்று எண்ணி உடனே ஒப்புக்கொண்டோம்.

முதல் இரண்டு தோல்விகள்

முதல் நாள் பிளாஷ் விளக்கைப் போட்டு எடுத்தோம். மின்னல் வெட்டியதுபோல் அறை ஒரு கணம் வெளுத்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்த நாடா பாவுக்குள் தடுமாறி, இழை ஒன்று அறுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இழையை முடிந்துகொண்டே, "இன்னும் எத்தனை தடவை மின்னும், வாத்தியார் ஸார்?" என்று மட்டும் கேட்டார். எடுத்த படத்தில் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது. ஜரிகை தீப்பற்றியதுபோல் எரிந்தது. பின்னால் இருந்த தறி கன்னங்கரிய இருளில் மறைந்துவிட்டது.

இரண்டாம் நாள் பிளாஷ் இல்லாமல் முயன்றோம். காமிராவோடு சேர்ந்தே வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் அப்பொழுது எங்களிடம் இருந்தது. படத்தில் பெரியவருடைய கைகளைக் காணோம்! கைகள் இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல் ஏதோ இருந்தது.

காரணத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. லென்ஸ் வாங்கும் விஷயத்தின் மர்மம் முழுவதும் அதிலேதான் இருக்கிறது.

துவாரத்தின் கணக்கு

ஒவ்வொரு லென்ஸின் மேலும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று மி.மீ. கணக்கில் குவிய தூரம். மற்றது 'எப்' என்ற எழுத்தோடு சேர்ந்த எண். குவிய தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எப் எண். 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. அகலம் திறந்தால் அது எப் 2. ஆகையால் எண் சிறியதாக ஆகத் துவாரம் பெரிதாகும். வெளிச்சமோ இந்த எண்ணின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும், குறையும். எப் 4-ல் நுழைவதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சம் எப் 2-ல் நுழையும்.

காமிராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் எண் பெரும்பாலும் எப் 5.6 ஆகிவிடும். எப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் அதற்குள் வருவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சமே. ஓர் அறையில் எப் 1.8 வைத்து, ஐ.எஸ்.ஓ. 1600-ல், ஒரு விநாடியில் 125-ல் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அறையில் எப் 5.6 வைத்தால் ஷட்டர் 13-ல் ஒரு பங்கு விநாடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் நெய்கிறவர் கை எங்கேயோ போய்விடும். அல்லது ஐ.எஸ்.ஓ.வைப் பதினையாயிரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். அப்பொழுது படம் முழுவதும் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாகிவிடும். பட்டின் நுட்பமான நிறபேதங்கள் மங்கிப்போகும்.

இக்காலத்து லென்ஸ்களில் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் சாதனம் ஒன்று இருக்கிறதே, அது உதவாதா என்று கேட்கலாம். அது எடுப்பவருடைய கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரே இருப்பவர் அசைவதைத் தடுக்காது. கோயில் சிற்பத்துக்கு அது நல்ல துணை. சிரித்துப் பேசும் மனிதருக்கு அன்று.

பெரியோர் கண்ட வழி

நிற்க. இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் புதிதாய் வந்ததன்று. 1924-ல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்ற சிறு காமிரா எப் 2 லென்ஸோடு வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எரிக் ஸாலமன் என்பவர் நீதிமன்றங்களிலும் ராஜதந்திரிகளின் மகாநாட்டு மண்டபங்களிலும் புகுந்து, பிளாஷ் இல்லாமல், ஒருவரும் அறியாத வண்ணம் படம் எடுத்தார். பிரபலஸ்தர்கள் கொட்டாவி விடுவதையும் காதோடு காதாய்ப் பேசுவதையும் உலகம் அப்பொழுதுதான் கண்டது. பிற்பாடு அந்த மேதை நாஜிகளிடம் சிக்கி 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

நம் நாட்டிலேயே ஓர் உத்தம உதாரணம் உண்டு. காந்தியடிகளின் பேரன் முறையான கனு காந்தி, 1930-களின் பிற்பகுதியில் அடிகளைப் படம் எடுக்க அனுமதி வேண்டினார். மூன்று நிபந்தனைகளின்மேல் அனுமதி கிடைத்தது: பிளாஷ் போடக் கூடாது, படத்துக்காக நிற்கவோ உட்காரவோ சொல்லக் கூடாது, ஆசிரமம் பணம் கொடுக்காது. கன்சியாம் தாஸ் பிர்லா அளித்த 100 ரூபாய் காமிராவுக்கும் பிலிமுக்கும் உதவியது. ரோலிபிளெக்ஸ் காமிராவை மார்புக்குக் கீழே பிடித்துத் தலை குனிந்து பார்த்தே அவர் படம் எடுத்தார். அடிகள் உண்பதையும் எழுதுவதையும் துயரத்தில் ஆழ்ந்திருப்பதையும் நாம் இன்று காண முடிவது அந்த நிபந்தனைகளின் பலனே. மாறாக, 1946-ல் பூனாவில் மகாத்மாவை ராட்டையோடு படம் எடுக்க வந்த அமெரிக்க மாது மார்கரெட் போர்க்-வைட்டுக்கு மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீணாகி, மூன்றாவதே கைகொடுத்தது.

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்த சமயத்தில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோனும் பிளாஷை மரியாதைக் குறைவு என்று கருதியவரே. லைக்கா காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பெரும்பாலும் அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்டார்.

நாம் செய்த பிழை

இதைப் படித்திருந்ததுதான் நமக்கு வினையாயிற்று. "50 மி.மீ. எப் 1.8 வாங்கு, அம்மா, விலையும் குறைவு, மேதைகள் கையாண்டதும் அதுவே" என்று நம் சகோதரியின் பெண்ணுக்கு யோசனை சொன்னோம். அவளும் தன் உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைப் போட்டு வாங்கிவிட்டாள். மூன்றாம் நாள் போனோம். இருளை லென்ஸ் ஜயித்துவிட்டது. ஆனால் இடத்தை ஜயிக்கவில்லை. வாசல் நிலையில் முதுகு ஒட்ட நின்றாலும் பெரியவருக்கும் எங்களுக்கும் இடையே எட்டடிதான். முகம் விழுந்தால் கை விழவில்லை. கை விழுந்தால் தறி விழவில்லை.

"மாமா, அவருடைய காமிராவும் என்னுடைய காமிராவும் ஒன்றில்லையே!" என்றாள் பெண். அவள் சொன்னது சரி. பழைய பிலிமில் விழும் படம் 36 மி.மீ. அகலம். இன்று பலர் வைத்திருக்கும் நடுத்தரக் காமிராவில் படம் விழும் தகடு சுமார் 23 மி.மீ. அகலமே. அதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால், பழைய பிலிம் காமிராவில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் மாட்டியதற்குச் சமம். எட்டடி தூரத்தில் அது காட்டும் அகலம் நாலடிக்கும் குறைவு. 35 மி.மீ. லென்ஸ் மாட்டினால் ஐந்தடிக்கு மேல் காட்டும், 24 மி.மீ. ஏறக்குறைய எட்டடி காட்டும். கார்த்தியே-பிரஸ்ஸோனின் 50-க்கு நம் காமிராவில் சமானம் 35 என்பதை நாம் யோசிக்காமல் போனோம். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நாமே இப்படித் தவறலாமா?

பாவில் இரண்டு நாள் வேலைதான் பாக்கி இருந்தது. காஞ்சீபுரத்தில் கல்யாணப் படங்கள் எடுக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் சென்று 35 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம்.

நாலாம் நாள்

அன்று விளக்கைக்கூட மாற்றவில்லை. தறிக்குப் பக்கத்து ஜன்னலின் கதவை மட்டும் முழுவதும் திறந்து வைத்தோம். அரை மணி நேரம் காமிராவைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தோம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து பிணைக்கப்படுவதால் இரண்டாவது ஆள் வேண்டும். பெரியவருக்கு அந்த இரண்டாவது ஆள் அவர் மனைவியே. ஏதோ ஒரு பழைய கூலித் தகராற்றைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்ல, பெரியவர் நாடாவைக் கையில் வைத்தபடியே திரும்பிச் சிரித்தார். பெண் எப்பொழுது எடுத்தாள் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தில் இருவர் முகமும் தெளிவாய் இருக்கின்றன. கை சற்றே அசைந்திருக்கிறது, அசைந்தது நல்லதே. ஜன்னல் வெளிச்சம் பாவின்மேல் படிந்து, ஜரிகை அடக்கமாய் மினுங்குகிறது.

வாங்குவோர்க்குச் சில வார்த்தைகள்

எனவே வீட்டுக்குள் மனிதர்களை இயல்பாய்ப் படம் எடுக்க விரும்பும் நேயர்கள், கடைக்குப் போகுமுன் தங்கள் அறையை ஓர் அடிக்கோலால் அளந்துகொள்வது உத்தமம். நடுத்தரக் காமிராவுக்கு 35 மி.மீ. எப் 1.8 முதல் லென்ஸாகத் தகும். பெரிய தகடுள்ள காமிராவுக்கு 50 மி.மீ. அல்லது, அறை மிகச் சிறிதானால், 35 மி.மீ. தகும். 24 மி.மீ. கூட்டத்துக்கு நல்லது, ஆனால் அதை வைத்துக்கொண்டு முகத்தருகே நெருங்கினால் மூக்கு பெரிதாய்த் தோன்றும். எப் 1.4 லென்ஸ் எப் 1.8-ஐவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வெளிச்சம் தருவது மெய். அதற்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்பதை அவரவர் பணப்பை தீர்மானிக்கட்டும். எப் 2.8 ஜூம், கல்யாண மண்டபத்தில் ஓடியாடி எடுப்பவருக்கு ஏற்றது.

இன்னொரு எச்சரிக்கை. துவாரம் பெரிதானால் தெளிவின் ஆழம் குறையும். 35 மி.மீ. எப் 1.8-ல் எட்டடி தூரத்தில் ஏறக்குறைய ஓரடி ஆழம் தெளிவாய் விழும். நாலடிக்கு நெருங்கினால் மூன்றங்குலம் சொச்சமே. ஆகவே கண்ணின்மேல் குறி வைக்க வேண்டும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரை எல்.ஈ.டி. விளக்கின் கீழே உபயோகித்தால் படத்தில் கோடுகள் விழக்கூடும். நம் நாட்டு மின்சாரத்துக்கு 50-ல் அல்லது 100-ல் ஒரு பங்கு விநாடி வைத்தால் அத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

பாவு அறுத்து இறக்கிய பின் தறியைப் பிரித்துவிட்டார்கள். குழியை மண் கொட்டி மூடிச் சிமெண்டு பூசியாகிவிட்டது. அவ்விடத்தில் இப்பொழுது பிள்ளையின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதற்கு மேலே சுவரில் படம் மாட்டியிருக்கிறது. சென்ற வாரம் போயிருந்தபோது, பெரியவர் பேரனைத் தூக்கிப் படத்தைக் காட்டி, "இதோ பார், இதுதான் நாடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தொழில்கள் கடைசிப் பாவில் இருக்கின்றன. படம் எடுக்க நினைப்பவர்கள் லென்ஸைச் சீக்கிரம் தேர்ந்துகொள்ளட்டும்.