ஆய்வக வரைபடங்களில் அச்சு அளவுத்திட்டத் தேர்வு: பாலாற்றுப் படுகை நீர்ப் பகுப்பாய்வை முன்வைத்து

முன்னுரை

பல்லவர் காலத்ததான காவேரிப்பாக்கம் ஏரிக்கு, வாலாஜாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் நீர் கொணர்கிறது. அவ்வாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர் முதல் இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் நிறைந்துள்ளன. அவற்றின் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இப்பகுதி நீரைப் பகுப்பாய்வு செய்வோர் எண்களைப் பிழையின்றி அளந்தாலும், வரைபட அச்சினைப் பொருந்தாமல் தேர்ந்தால் குடிக்கத் தகாத கிணறு தூய கிணறாகத் தோன்றிவிடும். எவ்வினாவுக்கு விடை தேடுகிறோம், எவ்வரம்பில் முடிவெடுக்கிறோம் என்பனவே அச்சினைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குரோமியமும் மடக்கை அளவுத்திட்டமும்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின்படி, குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை மிஞ்சலாகாது. விளக்கத்தின் பொருட்டு நான்கு மாதிரிகளைக் கொள்வோம்: முதற்கிணறு 0.02, இரண்டாம் கிணறு 0.08, சுத்திகரித்த கழிவுநீர் 1.5, பதனிட்டு எஞ்சிய கரைசல் 2000 மில்லிகிராம். 10 செ.மீ. நீளமுள்ள சம இடைவெளி அச்சில் 0 முதல் 2000 வரை குறித்தால், 1 செ.மீ. 200 மில்லிகிராமைக் குறிக்கும். அப்போது இரு கிணறுகளுக்கும் இடையிலான தொலைவு 0.003 மி.மீ. மட்டுமே, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். ஆயினும் ஒன்று வரம்புக்கு உட்பட்டது. மற்றொன்று வரம்பைக் கடந்தது.

ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 2 செ.மீ. ஒதுக்கி, 0.01 முதல் 10,000 வரை மடக்கை அளவுத்திட்டத்தில் 12 செ.மீ. அச்சொன்றை அமைத்தால், முதற்கிணறு 0.6 செ.மீ. தொலைவிலும், வரம்புக்கோடு 1.4 செ.மீ. தொலைவிலும், இரண்டாம் கிணறு 1.8 செ.மீ. தொலைவிலும் அமையும். வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும்.

மடக்கை அச்சில் சுழியத்திற்கு இடமில்லை. எனவே கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழுள்ள மாதிரிகளை நீக்கிவிடாமல், அவ்வெல்லையில் தனிக்குறியீட்டால் காட்டுதல் வேண்டும்.

சம இடைவெளி அச்சு பொருந்தும் இடங்கள்

கரைந்த மொத்தத் திடப்பொருள்களின் நிலை வேறு. குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். மாற்று நீராதாரம் இல்லாதபோது 2000 வரை இசைவுண்டு. ஒரு கிணற்றில் இவ்வளவு 1000இலிருந்து 2000 ஆக உயர்ந்தால், மேற்கண்ட மடக்கை அச்சில் அது 0.6 செ.மீ. ஏற்றமாகவே தெரியும், நீர் உவர்ந்ததன் கடுமை குறைத்துக் காட்டப்படும். 0 முதல் 2500 வரையிலான 10 செ.மீ. சம இடைவெளி அச்சில் அவ்வேற்றம் 4 செ.மீ. ஆகும். மாறாக, அச்சினை 1950 முதல் 2050 வரை மட்டும் சுருக்கினால் இயல்பான சிறு ஏற்ற இறக்கமும் பேரிடர் போலத் தோன்றும். பட்டை வரைபடத்தில் பட்டையின் நீளமே அளவைச் சுட்டுவதால், அதன் அச்சு சுழியத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அறுமதிப்புக் குரோமியத்தை டைபினைல் கார்பசைடுடன் வினைப்படுத்தி, 540 நானோமீட்டரில் அளக்கும் முறையிலும் சம இடைவெளி அச்சே தக்கது. திட்டக் கரைசல்களின் செறிவைக் கிடையச்சிலும், ஒளி உட்கவர்திறனைச் செங்குத்தச்சிலும் குறிக்கிறோம். மிகுசெறிவில் நேர்கோடு வளையத் தொடங்கும் இடம் இதில் வெளிப்படும்; இரு அச்சுகளையும் மடக்கையாக்கினால் அவ்வளைவு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பி.எச். மதிப்போ ஏற்கெனவே மடக்கை அளவு. 3இலிருந்து 4 ஆக உயர்வது ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்திலொரு பங்காகக் குறைவதைச் சுட்டும். அதனை மீண்டும் மடக்கை அச்சில் வரைதல் தவறு.

முடிவுரை

தரவின் வீச்சு பல பத்து மடங்குகளாக விரிந்து, சிறு மதிப்புகளும் முடிவைத் தீர்மானிக்குமாயின் மடக்கை அச்சு வேண்டும்; கூடுதல் குறைவின் அளவே வினாவாயின் சம இடைவெளி அச்சு வேண்டும். எதுவாயினும் அலகும் அளவுத்திட்டமும் வரம்புக்கோடும் வரைபடத்திலேயே குறிக்கப்பெற வேண்டும். ஒப்பிடப்படும் ஊர்களுக்கும் ஆண்டுகளுக்கும் ஒரே அச்சு அமைய வேண்டும். அப்போதுதான் ஆய்வகம் அளந்த உண்மை, அந்நீரைப் பருகுவோர் கண்ணுக்கும் தெரியும்.