ட்வெமர்கள் எங்கே போனார்கள்?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளில் இன்னும் அவிழாத முடிச்சு ஒன்று உண்டு. ட்வெமர் என்கிற குள்ளர் இனம் (பேர்தான் குள்ளர், உண்மையில் எல்ஃப் வகை) முதல் யுகம் 700-இல், ரெட் மவுண்டன் போரின்போது ஒட்டுமொத்தமாகக் காணாமல் போய்விட்டது. லோர்கான் என்ற தெய்வத்தின் இதயத்தை காக்ரெனாக் தன் கருவிகளால் தட்டினாராம். அத்தோடு சரி.

நுமிடியம் என்ற பித்தளை ராட்சதனுக்குத் தோலாக மாறிட்டாங்க என்பது ரசிகர்களிடம் பிரபலமான ஊகம். இருப்பே இல்லாமல் அழிந்தார்கள் என்பது இன்னொன்று.

எனக்குப் பிடித்த தடயம் வேறு. மாரோவிண்டில் (2002) யாக்ரம் பகார்ன் என்ற ஒரே ஒரு ட்வெமர் உயிரோடு இருக்கிறார். சம்பவத்தின்போது அவர் வேறொரு உலகத்தில் இருந்தார். ஆனால் ஹேமர்ஃபெல்லுக்குப் பிரிந்துபோன ரூர்கென் குலமும் மறைந்துவிட்டது. அப்போ தூரம் காப்பாற்றவில்லை, உலகம் மாறியிருந்ததுதான் காப்பாற்றியது. வெறும் வெடிவிபத்து என்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

ஸ்கைரிம் (2011) குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆர்னியல் கேன் என்ற மந்திரவாதி, காக்ரெனாக்கின் கீனிங் கத்தியால் அதே சோதனையைச் சின்ன அளவில் செய்து பார்க்கிறார். இதயத்துக்குப் பதில் ஓர் ஆன்மக் கல். கண்ணெதிரே மறைகிறார். பிறகு அவருடைய நிழலை நாம் மந்திரம் போட்டு வரவழைக்கலாம், சண்டையும் போடும்! முழுக்க அழிந்தவருக்கு நிழல் ஏது? ட்வெமர்கள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் கட்சி. மூன்று கருவிகளில் ஒன்றுதானே ஆர்னியலிடம் இருந்தது என்று மடக்கலாம். நியாயம்தான். அப்படிப் பார்த்தால் அவர் பாதி வழியில் நின்றுவிட்டார், ட்வெமர்கள் முழுசாகப் போய்விட்டார்கள்.