குழந்தை தவழும் அறைக்குக் குறைந்த செலவில் தரை

நம் சங்க உறுப்பினர்களில் பலர் முன்கட்டில் கடையும் பின்கட்டில் குடும்பமுமாக வாழ்பவர்கள். மகளோ மருமகளோ பிள்ளைபெற்று வரும் காலத்தில், சரக்கு அடுக்கியிருந்த ஓர் அறையை ஒழித்துக் குழந்தைக்கென்று ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கம். அப்போது தரைக்கு என்ன போடுவது என்ற கேள்வி எழும். ஒருவர் டைல்ஸ் என்பார், ஒருவர் பிளாஸ்டிக் விரிப்பு போதும் என்பார். மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை, ஆரோவில் சுற்றுப்புறக் கிராமங்கள் ஆகிய இப்பகுதி வணிகர்கள் இந்தக் கேள்விக்கு வேறு ஊரின் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே தரையைக் கெடுப்பது மேலே நடக்கும் கால் அல்ல, கீழேயிருந்து ஏறும் உப்பு ஓதம்.

தரை ஏன் முக்கியம்?

ஆறாவது மாதம் தொடங்கிக் குழந்தை தரையிலேயே வாழ்கிறது. தரையைத் தொட்ட கை அடுத்த நொடி வாய்க்குப் போகிறது. தரையில் உள்ளது வயிற்றுக்குள் போகும் என்று கொள்ள வேண்டியதுதான்.

மெக்சிகோ நாட்டின் கோவாவிலா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. மண் தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை சிமெண்ட் தரை போட்டுத் தந்தார்கள். மண் தரை முழுவதும் சிமெண்ட் தரையாக மாறினால், சிறு குழந்தைகளுக்குக் குடற்புழுத் தொல்லை 78 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும், இரத்தசோகை 81 விழுக்காடும் குறையும் என்று 2009-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அங்கே போட்டது பளிங்கு அல்ல, சாதாரண சிமெண்ட் தரை. ஆகவே தரை காய்ந்திருக்க வேண்டும், வெடிப்பின்றி இருக்க வேண்டும், துடைத்தால் சுத்தமாக வேண்டும். இம்மூன்றும் இருந்தால் போதும்.

உப்பு மூட்டை சொல்லும் பாடம்

மளிகைக் கடைக்காரருக்கு உப்பின் குணத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கல்லுப்பு மூட்டை கசிவதையும், அதனால் அதை மரச்சட்டத்தின் மேல் ஏற்றி வைப்பதையும் நாம் அறிவோம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே கசியும்.

தரைக்குள் உப்பு புகுந்துவிட்டாலும் இதேதான் நடக்கும். மழைக்காலத்தில் தரை வியர்க்கும். கோடையில் ஈரம் ஆவியாகி, உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். பூக்கும்போது மேல்பூச்சைத் தள்ளிப் பெயர்க்கும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வர, இரண்டு மூன்று ஆண்டில் தரை பொரிந்து புழுதியாகும். அந்தப் புழுதியில்தான் குழந்தை தவழும்.

உப்பு மூன்று வழியாக வருகிறது: அடிமண்ணிலிருந்து, கலவைக்கு ஊற்றும் தண்ணீரிலிருந்து, மணலிலிருந்து. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்றும், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் இந்தியத் தர நிர்ணயம் 456 கூறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே உவர்ப்புத் தட்டும் கிணற்று நீரைக் கலவைக்குப் பயன்படுத்தலாகாது. குடிநீர் லாரி வரவழைத்தாலும் அது வீண் செலவாகாது.

உங்கள் மண் எது?

ஆரோவில் 1968-இல் நிறுவப்பட்ட இடம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திலுள்ள செம்மண் மேடு. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி போன்ற ஊர்கள் இம்மேட்டில் உள்ளன. இங்கே மழைநீர் வடிந்துவிடும், உப்பு ஓதம் குறைவு. அழுத்திய மண் கற்களால் ஆரோவில்லில் பல கட்டடங்கள் எழுந்ததற்கு இந்தச் செம்மண்ணும் ஒரு காரணம். செம்மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்கிறார்கள். இந்த மேட்டில் குடியிருப்போர்க்குச் சுட்ட மண் ஓடு பதித்த தரையும் தாங்கும்.

மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல் நிலம். வடக்கே போனால் மரக்காணம் உப்பளமும் கழுவேலி ஏரியும். இவ்விரண்டு இடங்களிலும் சுட்ட மண் ஓடு வேண்டாம். அது ஈரத்தைக் குடித்து உப்பை மேலே கொண்டுவரும்.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் விட்டு எடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கருமையோ தெரிந்தால் ஓதம் இருக்கிறது. மழைக்காலத்தில் செய்தால் உண்மை நிலை தெரியும்.

எந்தத் தரை?

1. சிவப்பு ஆக்சைடு தரை: நம் பாட்டன்மார் காலத்துக் காவித்தரை இதுதான். நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. இணைப்பு இல்லாததால் அழுக்குத் தங்காது. நல்ல கொத்தனார் கிடைத்தால் இதுவே முதல் தேர்வு.

2. டைல்ஸ்: ஓதத்தைத் தடுத்த பிறகே பதிக்க வேண்டும். இல்லையெனில் இணைப்புகளில் உப்பு பூக்கும். பளபளப்பானது ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பு வகையே கேட்டு வாங்குக. பெரிய கட்டடங்களில் மீந்த டைல்ஸ் மலிவாகக் கிடைத்தால், ஒரே அறைக்கு அது போதும்.

3. கடப்பாக்கல்: உறுதியானது, குளிர்ச்சியானது. விளிம்புகள் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இல்லையேல் தவழும் முழங்கால் காயப்படும்.

4. பிளாஸ்டிக் ஒட்டு விரிப்பு: விலை குறைவென்று பலர் போடுவது இது. ஈரத் தரையில் ஒட்டினால் ஓதம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடித்து நாறும். பழுதை மறைக்குமே தவிர நீக்காது.

செலவைக் கணக்கிடுவோம்

பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. பழைய தரையைப் பெயர்த்து, மண்ணைக் கெட்டித்து, மேலே சலித்த மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலிதீன் தாள் விரிக்க வேண்டும். ஓரங்கள் சுவரில் சிறிது ஏறி நிற்கவேண்டும் என்பதால் 120 சதுர அடித் தாள் வாங்குக. தாள் கிழிந்தால் பட்ட பாடு வீண்.

அதன்மேல் 2 அங்குலக் கான்கிரீட், ஒன்று-இரண்டு-நான்கு கலவையில் போட, சுமார் 3 மூட்டை சிமெண்ட் ஆகும். மேலே அரை அங்குலப் பூச்சுக்கும் மெருகுக்கும் ஒன்று முதல் இரண்டு மூட்டை. ஆக 4 அல்லது 5 மூட்டையில் வேலை முடியும். கடற்கரை மணல் கூடவே கூடாது. எம்-சாண்ட் அல்லது உப்பில்லாத மணல் போடுக. போட்டபின் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள், நல்ல தண்ணீர் கட்டி ஆறவிட வேண்டும். குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்தால் அறை நன்கு உலரும்.

டைல்ஸ் விலையைப் பார்த்துத் திகைக்கும் நாம் இந்தத் தாளையும் நல்ல தண்ணீரையும் விட்டுவிடுகிறோம். மொத்தச் செலவில் சிறு பங்கே ஆகும் இவைதான் தரையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

மேல் விரிப்பும் நம் வியாபாரமும்

நல்ல தரையின் மேல் துவைக்கக்கூடிய பவானி ஜமக்காளமோ, வெயிலில் உலர்த்திய கோரைப்பாயோ போதும். மழை நாளில் பாயை அன்றாடம் தூக்கி நிறுத்துக.

நுரையால் செய்த வண்ணவண்ணப் புதிர்ப் பாய்களைப் பலரும் கேட்கிறார்கள், நாமும் விற்கிறோம். அவ்வகைப் பாய்கள் சிலவற்றில் ஃபார்மமைடு என்னும் ரசாயனம் இருந்ததால் பெல்ஜியம் 2010-இல் அவற்றுக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கென்று விற்கும் பொருள்களுக்கு, சில விலக்குகள் தவிர, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத சரக்கை மலிவென்று எடுத்தால் நட்டமும் வழக்கும் நம் தலையில்தான் விழும்.

கடையையொட்டிய அறைக்கு ஓர் எச்சரிக்கை

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிமருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயு காற்றைவிடக் கனமானது. சுவர் வெடிப்பு வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் அடுத்த அறைக்குப் பரவவல்லது. வீட்டோடு சேர்ந்த கடையில் இம்மாத்திரையை வைக்கவே கூடாது. எறும்பு, கரப்பான் சாக்கட்டியைக் குழந்தை அறைத் தரையில் இழுக்கவும் கூடாது. தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பையும் எலி வளையையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால், மருந்தின் தேவையே குறையும்.

கையிருப்பு குறைவாக இருந்தால் மேலே போடும் அழகை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடலாம். அடியில் போடும் தாளையும் நல்ல தண்ணீரையும் தள்ளிப் போட முடியாது. உப்பு மூட்டைக்குச் சட்டம் போட்டு வைக்கும் நாம், குழந்தைக்கும் ஓதம் ஏறாத இடம் அமைத்துத் தருவோம்.