புல்லட்டுக்குத் தோல் பையா, டப்பாவா?

மக்களே, ஒரு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்த கேள்வி இது. வண்டிக்குப் பக்கவாட்டுல எதை மாட்டுறது, பூட்டு போட்ட கெட்டி டப்பாவா, பக்கிள் வெச்ச தோல் பையா? ஒரு வழியா முடிவுக்கு வந்தாச்சு. வண்டிப் பைத்தியம் இல்லாதவங்களும் கொஞ்சம் இருங்க, நடுவுல ஆவாரம்பட்டை எல்லாம் வரும் :-)

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. பிறந்த ஊர் சென்னை. 2009-ல் அறிமுகமாகி 2020-ல் நின்னுபோன மாடல். டென்மார்க்ல வண்டிங்களுக்குப் பதிவு வரி தீட்டித் தள்ளுவாங்க, அதனால இது கைமாறி வந்த பழைய வண்டிதான். டேனிஷ்காரங்க இதை வினோதமா பார்க்கறதில்லை. அவங்களுக்கே நிம்பஸ்னு ஒரு வண்டி இருந்துச்சு. 1919-ல் தொடங்கி 1960 வரைக்கும் கோபன்ஹேகன்ல செஞ்சாங்க. நாலு சிலிண்டர், 746 சிசி. ராணுவமும் தபால் துறையும் ஓட்டின வண்டி. அதைச் செஞ்ச கம்பெனிதான் நில்ஃபிஸ்க் தூசி உறிஞ்சியையும் செஞ்சது. சைலன்சர் சத்தத்துக்காக அதுக்கு வண்டுன்னு செல்லப்பேரு. நம்ம புல்லட் சத்தத்தைக் கேட்டா இங்கே பெரியவங்க சிரிச்சுக்கிட்டே நிக்கறது அதனாலதான்னு நினைக்கறேன்.

சரி, பைக்கு வருவோம்.

பழைய பாணி வண்டிக்குத் தோல் பைதான் அழகு, அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. குதிரைச் சேணத்துல தொங்கின பை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு வந்துடுச்சு. அது போக எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் ஆம்பூர்க்காரன். அப்பா முப்பது வருஷமா டேனரி வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினாலும் அந்த வாசனை போகாது. தோல் பையைத் தவிர வேற எதையாவது வாங்கினா வீட்டுல என்ன சொல்லுவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு உதறல்.

ஆனா ஊரு ஹொல்ஸ்டெப்ரோ ஆச்சே! மேற்கு ஜட்லாந்து. வட கடல் ஒரு நாற்பது கிலோமீட்டர். வருஷத்துக்கு 800, 900 மில்லிமீட்டர் மழை. இதென்ன பெரிய விஷயம், சென்னையில 1400 பெய்யுதேன்னு கேப்பீங்க. கணக்குப்படி சரிதான். ஆனா சென்னை மழையில பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும், மிச்ச நாள் வெயில் பல்லைக் காட்டும். இங்கே வருஷம் பூரா தூறிக்கிட்டே இருக்கும். தோலுக்கு எவ்வளவு நனைஞ்சோம்ங்கறது பெரிய கவலை இல்லை. காயறதுக்கு நேரம் கிடைக்குதாங்கறதுதான் கவலை.

இது அப்பா போன்ல சொன்னது. அவர் பாஷையில சொன்னா, "தோல் செத்துப் போனதுதான்டா கண்ணு, ஆனா அதுக்கும் மூச்சு விடணும்." தோல்ல இருக்கறது பின்னிக் கிடக்கற நார். அந்த நாருக்கு நடுவுல எண்ணெய் ஏத்தியிருப்பாங்க. திரும்பத் திரும்ப நனைஞ்சா எண்ணெய் வெளியேறிடும். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்துல வெச்சுக் காய வெச்சா நார் சுருங்கி, ஒட்டி, அட்டை மாதிரி விறைச்சு வெடிக்கும். நிழல்ல, காத்தோட்டமா, மெதுவாத்தான் காய வைக்கணும். என் அறையோட அளவுக்கு அது நடக்கற காரியமில்லை. ஈரமாவே விட்டா பூஞ்சை. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு வேற தூவுவாங்க.

எந்தத் தோல்ங்கறதும் முக்கியம். பட்டைத் தோல், குரோம் தோல்னு ரெண்டு வகை. பட்டைத் தோல் நம்ம ஊரு பழைய முறை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு ஊற வெச்சுப் பதப்படுத்தினது. கெட்டியா, வடிவம் மாறாம நிக்கும், பைக்கு அதான் சரி. ஆனா தண்ணியை நல்லா குடிக்கும். குரோம் தோல் மெத்துனு இருக்கும், சூட்டையும் ஈரத்தையும் கொஞ்சம் கூடுதலா தாங்கும். ஆனா கொழகொழன்னு தொங்கும், உள்ள பலகை வெச்சாத்தான் நிக்கும்.

குரோம்னதும் பாலாறு ஞாபகம் வராம இருக்குமா? டேனரிக் கழிவு பத்தி 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்னிக்கும் சட்டக் கல்லூரியில படிக்கறாங்க. கெடுத்தவன்தான் செலவை ஏத்துக்கணும்னு சொன்ன தீர்ப்பு. எங்க சோறும் அந்தத் தொழில்லதான் வந்துச்சு, எங்க கிணத்துத் தண்ணி உப்பானதும் அந்தத் தொழிலாலதான். அதனால தோல்தான் இயற்கை, பிளாஸ்டிக் பாவம்னு யாராவது சொன்னா நான் தலையாட்ட மாட்டேன்.

அடுத்து மாட்டுற விஷயம். நம்ம ஊர்ல வண்டிக்கு இடது பக்கம் சேலை கார்டு இருக்கும் பாருங்க, மத்திய மோட்டார் வாகன விதி 123 கேக்கறது அது. பின்னாடி உக்காந்தவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க. ஐரோப்பாவுல ஓடுற வண்டியில அது கிடையாது. ஆக, தோல் பையை வெறுமனே சீட்டுக்குக் கீழ தொங்க விட்டா அது உள்பக்கமா ஆடி ஸ்போக்ஸ்ல மாட்டும். பின் சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா கதை கந்தல். அதனால தோல் பைன்னாலும் இரும்புக் கம்பி பிராக்கெட் கட்டாயம். கிளாசிக்ல சைலன்சர் வலது பக்கம், அந்தப் பக்கம் பை இறங்கினா கருகும்.

டப்பாவுலயும் குறை இருக்கு. முதல்ல எடை. வெறும் டப்பாவும் பிராக்கெட்டும் சேர்ந்தே பல கிலோ. சுமார் 27 குதிரை சக்தி உள்ள இஞ்சினுக்கு அது தெரியும். ரெண்டாவது காத்து. இங்கே காத்தாடி மின்சாரம் எடுக்கறாங்கன்னா சும்மாவா? தட்டையான அலுமினியப் பெட்டி பக்கவாட்டுக் காத்துல பாய்மரம் மாதிரி. கடற்கரைப் பக்கம் தோர்ஸ்மிண்டே போற வழியில மரமும் இல்லை மறைப்பும் இல்லை. மூணாவது, ஜல்லி ரோட்டுல வண்டி சரியும்போது காலை ஊனினா, கெட்டிப் பெட்டி பின்னாலேர்ந்து வந்து கெண்டைக்காலை நசுக்கும். தோல் பை அப்படிச் செய்யாது.

இவ்வளவும் யோசிச்சு நான் எடுத்தது டப்பா. ஓரம் வளைஞ்ச, கறுப்பு பிளாஸ்டிக், ஒண்ணு 20 லிட்டர் சொச்சம். பெரிசா வாங்கினா பெரிசா நிரப்புவோம். காரணம் ரொம்ப சாதாரணம். தினமும் உள்ள போறது லேப்டாப்பும் புத்தகமும். பூட்டிட்டு வகுப்புக்குப் போகணும். வருஷத்துல பத்து மாசம் ஈரத்துல நிக்கற வண்டி இது, ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய வர வண்டி இல்லை. கோடையில மட்டும் ஓட்டுறவங்க, ஷெட் இருக்கறவங்க, கண்ணை மூடிக்கிட்டு பட்டைத் தோல் பை வாங்குங்க. உள்ள வாய் சுருட்டுற ரப்பர் பை ஒண்ணு போட்டுட்டா துணி நனையாது. என்னைக் கேட்டா, அழகுக்கு அது பக்கத்துல டப்பா நிக்கவே முடியாது. என் வண்டி இப்போ பால்காரர் வண்டி மாதிரிதான் இருக்கு.

அப்பாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "அந்த ஊருக்குத் தோல் ஒத்துக்காதுடா, நான் அப்பவே சொல்ல நினைச்சேன்"னுட்டு, ஸ்பானர் சுத்தி வைக்க ஒரு தோல் உறை தெச்சு அனுப்பறேன்னார். பட்டைத் தோல்தானாம். அதை டப்பாவுக்குள்ளதான் வைக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

கிளாசிக்ல டப்பா மாட்டினவங்க யாராவது இருந்தா, வலது பக்கம் சைலன்சருக்கும் டப்பாவுக்கும் எத்தனை விரக்கடை விட்டீங்கன்னு சொல்லுங்க. நான் நாலு விட்டிருக்கேன், பத்துமா தெரியலை.