நாற்காலிச் சந்தையில் மளிகைக்காரருக்கு என்ன வேலை?

இத்தாலி நாட்டின் மிலான் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஆறு நாள் ஒரு சந்தை கூடுகிறது. 'சலோனே டெல் மொபிலே' என்பது அதன் பெயர். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி, சமையலறைச் சாமான், விளக்கு முதலியவற்றுக்கான உலகக் கண்காட்சிகளில் இதற்கே முதலிடம். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 3 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். வியாபாரத்திற்காக வருவோரில் பாதிக்கு மேல் வெளிநாட்டினர்.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் விற்கிற நமக்கு அங்கே என்ன வேலை என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், எதிர் வரிசையில் குளிர்சாதன வசதியோடு ஒரு பெரிய கடை திறந்தவுடன் நம் மனதில் எழும் கவலை எல்லாருக்கும் தெரிந்ததே. 'நாமும் கடையைப் புதுப்பித்தால்தான் நிற்க முடியும்' என்று தோன்றுகிறது. உள் அலங்காரம் செய்து தருகிறவர்கள் வண்ணப் படங்களைக் காட்டுகிறார்கள். பல லட்சம் செலவுக்கு மதிப்பீடு வருகிறது. அந்தப் படங்களில் உள்ள பாணிகளில் பல, மிலான் போன்ற சந்தைகளில் முதலில் தலைகாட்டியவை. எதில் பணம் போடலாம், எதைப் பார்த்து ரசித்துவிட்டு நகரலாம் என்று பிரித்தறிய, அந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சந்தை பிறந்த விதம்

மிலானுக்கு வடக்கே பிரியான்சா என்றொரு வட்டாரம் இருக்கிறது. கந்தூ, லிசோனே, மேதா என்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தச்சுப் பட்டறைகள். பெரும்பாலும் குடும்பத் தொழில். ஒருவர் மரச்சட்டம் செய்வார், இன்னொருவர் மெத்தை தைப்பார், மூன்றாமவர் பாலிஷ் போடுவார். வேலைத் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் தனிப் பட்டறைக்காரர் வெளிநாட்டு வியாபாரியைத் தேடிப் போய்ச் சரக்கைக் காட்டுவது நடக்கிற காரியமா?

1961-இல் அத்தொழிலில் இருந்த உற்பத்தியாளர்கள், மரத்தொழில் சம்மேளனத்தின் ஆதரவோடு ஒரு குழு அமைத்தார்கள். அந்த ஆண்டே முதல் கண்காட்சி நடந்தது. 328 நிறுவனங்கள் கடை விரித்தன. ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள். இத்தாலியச் சரக்கை ஏற்றுமதி செய்வதே நோக்கம். கடை விரித்தவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. விலையிலும் வடிவத்திலும் போட்டி போட்டுக்கொண்டே, கொள்வோரை ஓரிடத்திற்கு வரவழைக்கும் செலவை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பிறகு கிளைகள் வளர்ந்தன. 1974-இல் சமையலறைக் கண்காட்சியும் 1976-இல் விளக்குக் கண்காட்சியும் சேர்ந்தன. இப்போது இவை ஓராண்டு விட்டு ஓராண்டு மாறி மாறி வருகின்றன. 35 வயதுக்கு உட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கென்று 1998-இல் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. 2006 முதல் ஊருக்கு வெளியே ரோ என்ற இடத்திலுள்ள பெரிய வளாகத்தில் சந்தை நடக்கிறது. கொரோனா காரணமாக 2020-இல் நடக்கவில்லை.

வாரத்தின் முதல் பகுதி வியாபாரிகளுக்கு. பொதுமக்களுக்குக் கடைசி இரண்டு நாட்கள் மட்டுமே. இதிலிருந்தே இதன் இயல்பு விளங்கும். அங்கே வைக்கப்படும் பொருள்களில் மாதிரியாக ஒன்றே ஒன்று செய்தவையும் உண்டு. வரவேற்பு எப்படி என்று பார்த்த பிறகுதான் அவற்றில் சில உற்பத்திக்குப் போகும். ஆகவே மிலானில் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டதெல்லாம் விற்பனையாகிற சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜியோ பொந்தி, காசினா நிறுவனத்திற்காக வடிவமைத்த 'சூப்பர்லெஜ்ஜேரா' நாற்காலி 1957-இல் வெளிவந்தது. எடை 1.7 கிலோ மட்டுமே. சிறு பையன் ஒரு விரலால் தூக்கிவிடலாம். கியாவரி என்ற ஊரின் பழைய நாற்காலியை எடுத்துக்கொண்டு, தேவையில்லாத மரத்தையெல்லாம் குறைத்துக் காலை முக்கோணமாகச் செதுக்கினார்கள். மரச் செலவு குறைந்தது, பலம் குறையவில்லை. அது அழகாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்து பிளாஸ்டிக் வந்தது. கார்தெல் நிறுவனத்திற்காக ஜோ கொலம்போ 1960-களில் ஒரு நாற்காலி வடிவமைத்தார். அதன் முதுகில் ஓர் ஓட்டை இருக்கும். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். அச்சிலிருந்து நாற்காலியை எளிதாக வெளியே எடுப்பதற்கு வைத்த வழி அது. விக்கோ மஜிஸ்திரெத்தியின் 'செலினே' நாற்காலியில் கால்கள் வளைந்து நெளிந்து இருக்கும். தட்டையான மெல்லிய பிளாஸ்டிக் மடங்கிவிடும். வளைத்தால் அதே கனத்தில் பாரம் தாங்கும். தகரக் கூரையில் மடிப்பு வைப்பது போலத்தான்.

இப்படிப் பலர் செய்த முயற்சிகளின் வழியில், 1972-இல் ஹென்றி மசோனே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரே அச்சில் முழு நாற்காலியையும் இரண்டு நிமிடத்திற்குள் வார்த்தெடுத்தார். இன்று நம் கடை வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் அடுக்கி வைத்திருக்கிறோமே, அந்த நாற்காலியும் அதே வழியில் வந்ததுதான். இதில் அச்சுக்குத்தான் பெரும் முதலீடு. எண்ணிக்கை கூடக் கூட, ஒரு நாற்காலியின் மேல் விழும் அச்சுச் செலவு குறைந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் புதுமை என்று காட்சிக்கு வைத்த பொருள் ஏழை வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

பேச்சுக்குச் சரக்கு, விற்பனைக்குச் சரக்கு

1981 செப்டம்பரில், சந்தை நடந்த சமயத்தில், மிலான் நகருக்குள் இருந்த ஒரு காட்சிக்கூடத்தில் 'மெம்பிஸ்' என்ற குழுவினர் தங்கள் பொருள்களை வைத்தார்கள். எத்தோரே சோட்சாஸ் என்பவர் தலைமை. அவருடைய 'கார்ல்டன்' அலமாரியில் பலகைகள் கோணல்மாணலாக நிற்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்ணைப் பறிக்கும். தேக்கு, பளிங்கு என்று உயர்ந்த பொருள்களை விட்டுவிட்டு, ஓட்டல் மேசைக்கு ஒட்டுகிற லேமினேட்டை, அதாவது நாம் 'சன்மைக்கா' என்று சொல்வதை, வரவேற்பறைச் சாமானுக்கு ஒட்டினார்கள்.

தெரு நிறையக் கூட்டம். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம். ஆனால் அந்த அலமாரியை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்தவர்கள் கொஞ்சம் பேரே. சில ஆண்டுகளில் குழுவும் கலைந்துவிட்டது. ஆனாலும் அந்த நிறங்களும் கோடுகளும் துணியிலும் விளம்பரத்திலும் கடை அலங்காரத்திலும் பரவின.

2002-இல் பிலிப் ஸ்தார்க் வடிவமைத்த 'லூயி கோஸ்ட்' நாற்காலியின் கதை வேறு. பழைய பிரெஞ்சு அரண்மனை நாற்காலியின் வடிவத்தைக் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டில் ஒரே வார்ப்பாகச் செய்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வெளியிலும் போடலாம். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இதுவும் பேச்சுக்கு ஆளானதுதான். ஆனால் உபயோகமும் இருந்ததால் விற்றது.

நம் கடைக்கு ஆகிற நான்கு போக்குகள்

ஒன்று, இழுப்பறை. சமையலறைக் கண்காட்சிகளில் மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிகள் குறைந்து, முழுதாக வெளியே வரும் இழுப்பறைகள் பெருகியிருக்கின்றன. அலமாரியில் முன்வரிசைதான் கண்ணில் படும். பின்வரிசையில் இருப்பது மறந்துபோகும். இழுப்பறையில் கடைசி மூலை வரை தெரியும். காலாவதித் தேதி பார்த்து விற்க வேண்டிய மசாலாப் பொட்டலம், பிஸ்கட் போன்ற சரக்குக்கு இதன் அருமை தெரியும். பின்வரிசையில் கிடந்து தேதி கடந்துபோன சரக்கின் நஷ்டத்தை ஓராண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். இழுக்கும் தட்டுக்கு ஆகும் செலவு அதில் அடங்கிவிடுமா என்று தெரிந்துவிடும்.

இரண்டு, பிரித்துச் சேர்க்கும் அடுக்கு. அன்னா காஸ்தெல்லி ஃபெரியேரி 1967-இல் வடிவமைத்த 'கொம்போனிபிலி' என்ற வட்ட அடுக்குப் பெட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆணி, திருகு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம், வேண்டாதபோது பிரிக்கலாம். வாடகைக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரோடு சேர்த்து அடித்த தச்சு வேலை, கடையைக் காலி செய்யும் நாளில் நம்மோடு வராது. துளையிட்ட இரும்புச் சட்டத்தில் தட்டு மாட்டும் ரேக் கழன்று வரும். பண்டிகைச் சரக்குக்கு ஏற்ப உயரத்தையும் மாற்றலாம்.

மூன்று, விளக்கு. எல்.இ.டி. வந்த பிறகு விளக்குக் கண்காட்சியின் முகமே மாறிவிட்டது. வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்குவது போதாது. இன்னும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. மற்றொன்று சி.ஆர்.ஐ. எனப்படும் எண். வெயிலில் தெரிகிற நிறம் விளக்கிலும் அப்படியே தெரிகிறதா என்பதை 100-க்குக் கணக்கிட்டுச் சொல்வது அது. 80-க்குக் குறைந்த விளக்கில் தக்காளியும் மிளகாய் வற்றலும் வெளிறித் தெரியும். 90-க்கு மேல் இருந்தால் சரக்கின் உண்மை நிறம் தெரியும். கடையை இடித்துக் கட்டுவதை விட, சரக்கின் மேல் விழும் விளக்கை மாற்றுவது குறைந்த செலவு.

நான்கு, கழிவிலிருந்து பொருள். காப்பி வியாபாரம் செய்யும் இல்லி நிறுவனமும் கார்தெலும் சேர்ந்து, காப்பிக் குப்பிகள் செய்யும்போது கழிக்கப்பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு நாற்காலி செய்தார்கள். அந்தோனியோ சித்தேரியோ வடிவமைத்தது. இது இன்னும் நம் கடைத்தெருவுக்கான சரக்கு ஆகவில்லை. ஆனால் உணவு வியாபாரியின் கழிவு இன்னொருவருக்குக் கச்சாப் பொருளாகிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

கதவடைப்பால் வளர்ந்தவர்

இதே தொழிலில் சங்கம் எடுத்த வேறொரு முடிவையும் சொல்லியாக வேண்டும். சுவீடன் நாட்டில் இங்வார் கம்பிராட் என்பவர் 1943-இல், 17 வயதில், தபால் மூலம் சாமான் விற்கும் சிறு வியாபாரம் தொடங்கினார். நிறுவனத்தின் பெயர் ஐக்கியா. சில ஆண்டுகளில் மரச்சாமானும் சேர்ந்தது. விலை மிகக் குறைவு. அந்நாட்டு மரச்சாமான் வியாபாரிகள் கூடி 1950-களில் அவருக்குச் சரக்கு தரக் கூடாது என்று உற்பத்தியாளர்களை நெருக்கினார்கள். கண்காட்சிகளில் அவர் ஆர்டர் எடுக்கவும் தடை போட்டார்கள்.

என்ன நடந்தது? கண்காட்சியில் இடமில்லை என்றதும் 1953-இல் தன் ஊரிலேயே நிரந்தரக் காட்சிக்கூடம் திறந்தார். பிறர் சரக்கு கிடைக்கவில்லை என்றதும் தானே வடிவமைக்கத் தொடங்கினார். மேசைக் காலைக் கழற்றித் தட்டையாகப் பெட்டியில் அனுப்பும் முறையை விரிவாக்கி, லாரி வாடகையைக் குறைத்தார். மிலானில் சந்தை தொடங்கிய அதே 1961-இல் போலந்து நாட்டில் கொள்முதல் ஆரம்பித்தார். தடையினாலேயே அவர் கொள்முதல் விலை குறைந்தது. அந்நிறுவனம் இன்று உலகின் மிகப் பெரிய மரச்சாமான் சில்லறை வியாபாரி. 2018-இல் ஹைதராபாத்தில் கடை திறந்து இந்தியாவுக்குள்ளும் வந்துவிட்டது.

இரண்டு இடத்திலும் வணிகர்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். பிரியான்சாக்காரர்கள் கொள்வோரைக் கூட்டிவரச் சேர்ந்தார்கள். சுவீடன்காரர்கள் ஒரு போட்டியாளரை விரட்டச் சேர்ந்தார்கள். பெருங்கடைகளின் வருகையை எதிர்த்து உரிமைக்குக் குரல் கொடுக்க வேண்டிய நேரத்தில் நாம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், நம் கொள்முதல் விலையும் குறையாது, கடையும் சீராகாது.

பணம் போடுமுன்

உள் அலங்காரத்திற்கு மதிப்பீடு வந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. இதனால் சரக்கு நன்றாகத் தெரியுமா, எடுக்க எளிதா?

2. சேதமும் காலாவதி நஷ்டமும் குறையுமா?

3. கடை மாறினால் இதைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

4. ஒரு தட்டோ விளக்கோ பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியுமா, உள்ளூரில் கிடைக்குமா?

5. போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்?

முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தால், அது கண்காட்சிச் சரக்கு, கடைக்கு வேண்டாம்.

இன்னொன்று. இருபது கடைக்காரர்கள் தனித்தனியே போய் ரேக்கும் விளக்கும் வாங்கினால் இருபது சில்லறை விலை. ஒரே தரம், ஒரே அளவு என்று தீர்மானித்து, கிளைச் சங்கம் மூலமாக ஒரே ஆர்டராகக் கேட்டால் மொத்த விலை பேசலாம். உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்கலாம். விற்பனையில் அவரவர் போட்டி அவரவருக்கு இருக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில், கடையைப் புதுப்பிக்கும் எண்ணத்தில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுத்து, இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.