கதவும் கண்ணாடியும்

சிறிய வீட்டில் நிலைக்கண்ணாடிக்கெனத் தனியிடம் வாய்ப்பது அரிது. கட்டிலும் பீரோவும் சுவர்களை அடைத்துவிட, எஞ்சுவது அறைக் கதவின் உட்புறமே. அதில் கண்ணாடியைப் பொருத்திக்கொள்வது பலர் கையாளும் வழி. ஆயினும், அவ்வாறு பொருத்திய கண்ணாடி சில திங்கள் கழிந்தபின், ஒருவரும் தீண்டாதிருக்கையிலேயே விரிசல் காண்பதுண்டு. வீட்டார் பிள்ளைகளை ஐயுறுவர். பிழையோ, திருகாணியை அளவின்றி முடுக்கிய கையினுடையதாக இருத்தல் கூடும்.

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றின் ஈரத்தை ஏற்பதும் விடுப்பதுமாகவே இருக்கும். ஐப்பசி மழையில் கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுப்பதையும், சித்திரை வெயிலில் அதுவே தளர்ந்து ஆடுவதையும் யாவரும் கண்டிருப்பர். இம்மாற்றம் மர இழை ஓடும் நீளவாக்கில் மிகச் சிறிது. இழைக்குக் குறுக்கான அகலவாக்கிலேயே மிகுதி. கண்ணாடி ஈரத்தை உறிஞ்சுவதில்லை. எளிதில் வளைந்து கொடுப்பதுமில்லை. அசையும் பொருளோடு அசையாப் பொருளை இறுகப் பிணைத்தால், உடைவது கண்ணாடியே.

பழைய தச்சர்கள் இதனை நன்கு அறிவர். சட்டமும் பலகையுமாகச் செய்த கதவை உற்று நோக்கினால் அவர்தம் நுட்பம் விளங்கும். நடுவிலுள்ள மெல்லிய பலகை ஆணியாலோ பசையாலோ இறுக்கப்படுவதில்லை. சுற்றிலுமுள்ள தடித்த சட்டத்தில் நீண்ட பள்ளம் வெட்டி, அதனுள் சற்றே இடம் விட்டுப் பலகையைச் செருகிவைப்பர். இப்பள்ளத்திற்குக் காடி என்று பெயர். மழையில் பலகை பருத்தால் காடிக்குள் நகரும்; வெயிலில் சுருங்கினாலும் வெளியே நழுவாது. கண்ணாடிக்கும் இம்முறையே ஏற்றது.

ஆகவே, கண்ணாடியில் துளையிடாமல், விளிம்பில் காடி எடுத்த மெல்லிய மரச்சட்டங்கள் நான்கினால் அதனைச் சூழ்ந்து பிடித்தல் நன்று. திருகாணிகள் கதவின் தடித்த சட்டத்திலேயே இறங்க வேண்டும். நடுப்பலகைக்கு அவ்வளவு வலிமை இல்லை. கதவின் மறுபுறம் முனை நீட்டாதபடி திருகாணியின் நீளத்தை முன்னரே அளந்து கொள்ளவேண்டும். திருகாணியைவிட மெல்லிய துளையை முதலில் இட்டுக்கொண்டால் மரம் பிளவாது. அடிச்சட்டமே சுமை தாங்குவது. அதன் காடியில் இரு சிறு ரப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் கண்ணாடியை நிறுத்தவேண்டும். பக்கங்களிலும் மேலும் அரை நூல் இடைவெளி போதும். தச்சர் கணக்கில் 8 நூல் கொண்டது 1 அங்குலம்.

முழு உருவமும் தெரிய ஆளுயரக் கண்ணாடி தேவை என்று பலர் எண்ணுவர். உயரத்தில் பாதியே போதும். பாதத்திலிருந்து புறப்படும் ஒளி, கண்ணின் உயரத்தில் சரிபாதியில் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணை அடைகிறது. எத்துணை விலகி நின்றாலும் இவ்வளவு மாறாது. தந்தையின் உயரம் 170 சென்டிமீட்டர், கண் 160 சென்டிமீட்டரில் எனின், கண்ணாடியின் மேல் விளிம்பு 165 சென்டிமீட்டரில் அமையவேண்டும். மகளின் கண் 110 சென்டிமீட்டரில் எனின், கீழ் விளிம்பு 55 சென்டிமீட்டரில். 110 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இருவருக்கும் பயன்படும். அகலம் 60 சென்டிமீட்டர், தடிப்பு 4 மில்லிமீட்டர் எனில் அதன் நிறை ஏறத்தாழ 6.6 கிலோகிராம். இச்சுமை முழுதும் கீல்களின்மேல் ஏறுவதால், தளர்ந்த கீல்களை முதலில் செப்பனிடவேண்டும். கதவு சுவரில் மோதாதபடி தரையில் ஒரு தடுப்பும் வேண்டும்.

கண்ணாடி மங்கினால் ‘ரசம் போய்விட்டது’ என்பர். முற்காலத்தில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசியதால் வந்த வழக்கு அது. ஜெர்மானிய அறிஞர் லீபிக் 1835-இல் கண்ட வேதியல் முறைக்குப் பின்னர், வெள்ளிப் பூச்சு படிப்படியாக அவ்விடத்தைப் பெற்றது. பெயர் மட்டும் நின்றுவிட்டது! புளித்த நெடியுடைய சிலிக்கோன் பசை இப்பூச்சைக் கெடுக்கும். எனவே அதனைக் கண்ணாடியின் பின்புறம் தடவலாகாது. ஈரமும் பூச்சை அரிக்கும். துடைக்கும் நீர் வழிந்து தங்குமிடம் அடிச்சட்டத்தின் காடியாதலால், கருமை பெரும்பாலும் கீழ் விளிம்பிலேயே முதலில் படரும். கண்ணாடியின்மேல் நீரைத் தெளிக்காமல், நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் உடனே ஒற்றிவிடுவது நன்று.